கடைமடை பார்த்தவர்கள்

ஒருவர் எம்.பி. ஆனதும் அவரைப் பற்றிப் பத்திரிகைகளில் ஒரு பெட்டிச் செய்தி வரும். பிறந்த ஊர், படிப்பு, கட்சியில் சேர்ந்த வருடம், வகித்த பதவிகள். அந்த வரிசையில் முதலில் "வார்டு கவுன்சிலர்" என்று இருந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். எந்த வார்டு, எத்தனை வருடம், நகராட்சியா பேரூராட்சியா ஒன்றியமா என்று தேடுவேன். பெரும்பாலும் இருக்காது. ஐந்து வருடமோ பத்து வருடமோ தெருத்தெருவாக நடந்த உழைப்பு இரண்டே சொல்லில் முடிந்து, அடுத்த வரியில் நேராக டெல்லிக்குப் போயிருப்பார்கள். ஏதோ பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு படித்ததைச் சொல்வது மாதிரி.

எனக்கு இது உறுத்துவதற்குக் காரணம் என் சித்தி. 2011 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, சித்தி நின்றார், 41 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2016 வரை ஒரே ஒரு தடவைதான் கவுன்சிலர். எம்.எல்.ஏ., எம்.பி. எல்லாம் ஆகவில்லை, ஆக வேண்டும் என்று அவர் முயற்சி செய்ததும் இல்லை. ஆனால் அந்த ஐந்து வருடம் அவர் பக்கத்தில் இருந்து பார்த்ததால், கவுன்சிலராக இருந்து நாடாளுமன்றம் போன ஒருவரிடம் என்ன இருக்கும், நேராகப் போன ஒருவரிடம் என்ன இருக்காது என்று எனக்கு ஓரளவு புரிந்துவிட்டது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

முதல் ஆறு மாதம் நகராட்சியிலிருந்து வந்த போன் எல்லாம் சித்தப்பாவுக்குத்தான். "சார், நாளைக்கு மன்றக் கூட்டம், மேடத்தைக் கூட்டிட்டு வந்துடுங்க." சித்தி ஒருநாள் அலுவலகத்துக்குப் போய், "கவுன்சிலர் நான்தான், என் நம்பருக்குக் கூப்பிடுங்க, அவருக்குக் கடையில வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். சத்தமெல்லாம் போடவில்லை. அதற்கப்புறமும் இரண்டு மூன்று பேர் சித்தப்பாவுக்குத்தான் கூப்பிட்டார்கள். அவர் எடுப்பதை நிறுத்தினார். அப்படித்தான் அது சரியானது.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது, கணக்கு எழுதுகிற அட்டை போட்ட நோட்டு. ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பக்கம். தெருவிளக்குக் கம்பத்தின் எண், எந்த விளக்கு எரியவில்லை, எந்தத் தேதியில் சொன்னது, யாரிடம் சொன்னது, எப்போது மாட்டினார்கள். குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, வால்வு எங்கே இருக்கிறது, எந்த வீட்டு வாசலில் மண் மூடிக்கிடக்கிறது. முதியோர் உதவித்தொகை யாருக்கு நின்றுபோயிருக்கிறது. இதெல்லாம் நகராட்சி அலுவலகத்திலேயே இருக்க வேண்டிய தகவல்தான், ஆனால் இல்லை. வால்வு இருக்கும் இடம் பாதி, தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணன் ஒருவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது.

எங்கள் வார்டில் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் சரியாக வராது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிற தண்ணீர், மேல்நிலைத் தொட்டி நிரம்பி, மூன்று நாளுக்கு ஒரு தடவை விடுவார்கள். முதல் இரண்டு தெருவில் மோட்டார் போட்டு இழுத்துவிடுவார்கள், கடைசித் தெருவில் குடம் வைத்தால் நூல் மாதிரி வரும். சித்தி அதைக் கடைமடை என்றுதான் சொல்வார். அவர் பிறந்த வீடு விவசாயக் குடும்பம், வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர். "மேமடைக்காரனுக்குக் கடைமடை கஷ்டம் தெரியாது, அவன் கெட்டவன் இல்ல, அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்பார்.

ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு நானும் கூடப் போனேன். தண்ணீர் திறக்கிற அண்ணன் இடுப்பு உயரத்துக்கு இருந்த நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு, குனிந்து, சுற்று சுற்றாக எண்ணித் திருகினார். சித்தி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே எண்ணினார். பன்னிரண்டு சுற்று திறக்க வேண்டியதை முதல் தெருவுக்கு எட்டோடு நிறுத்திப் பார்ப்போம் என்றார். அண்ணன் யோசித்தார். "அம்மா, முத தெருக்காரங்க சண்டைக்கு வருவாங்க." "என்கிட்ட வரச் சொல்லுங்கண்ணே." அன்றைக்குக் கடைசித் தெருவில் ஒரு பாட்டி வீட்டு வாசலில் நாங்கள் மூன்று பேரும் நின்று குடம் நிறைவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். ஐந்து நிமிடம். முந்தின வாரம் அரைமணி நேரம் ஆனதாகப் பாட்டி சொன்னார். ஏழு மணிக்கு முதல் தெருக்காரர்கள் எட்டுப் பேர் சித்தி வீட்டு வாசலில் நின்றார்கள். ஒரு மணி நேரம் பேச்சு. கடைசியில் பத்துச் சுற்று என்று முடிந்தது. எட்டு இல்லை, பன்னிரண்டும் இல்லை.

அரசியல் என்றால் இதுதான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. இருக்கிற தண்ணீர் ஒன்றுதான், யாருக்குக் குறைத்து யாருக்குக் கொடுப்பது, குறைக்கப்பட்டவரிடம் முகத்துக்கு நேராக நின்று ஏன் என்று சொல்வது. பட்ஜெட் என்று நாடாளுமன்றத்தில் செய்வதும் அடிப்படையில் இதேதான், சுற்றுக் கணக்கு கோடியில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பெரிய வித்தியாசத்தை மறந்துவிட்டேன்: நாடாளுமன்றத்தில் குறைக்கப்பட்டவர் காலை ஏழு மணிக்கு வாசலுக்கு வர மாட்டார்.

மன்றக் கூட்டத்துக்கும் ஒருமுறை போய்ப் பார்வையாளராக உட்கார்ந்தேன். அஜெண்டா புத்தகம் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் கையில் வரும். நாற்பது ஐம்பது பொருள் இருக்கும். ஒவ்வொன்றையும் எழுத்தர் வாசிக்க ஆரம்பித்து நாலாவது பொருளிலேயே யாராவது "ஆல் பாஸ்" என்று குரல் கொடுப்பார்கள், எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள், முடிந்தது, டீ வந்துவிடும். சித்தி ஒரு கூட்டத்தில் எழுந்து ஒரு பொருளை மட்டும் தனியாக எடுக்கச் சொன்னார். எங்கள் தெருவுக்குத் தார்ச் சாலை போடுகிற பொருள். தன் சொந்த வார்டுக்கு வருகிற சாலையை யாராவது நிறுத்துவார்களா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் அதே தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டப் போகிறார்கள் என்று அதே புத்தகத்தில் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் படித்தது அவர் ஒருவர்தான். இன்னொன்றும் சொன்னார்: பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு போனதால் தெருவில் பதினோரு வீடுகளின் வாசல் சாலையைவிடத் தாழ்ந்துவிட்டது, மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர். பதினோரு வீட்டின் கதவு எண்ணும் அவரிடம் இருந்தது. பொருள் ஒத்திவைக்கப்பட்டது. வார்டில் பாதிப் பேருக்குக் கோபம், "வந்த ரோட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க கவுன்சிலரம்மா" என்று. ஒரு வருடம் கழித்துக் குழாய் பதித்த பிறகு சாலை வந்தபோது அந்தக் கோபத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, அவருக்கு நன்றியும் சொல்லவில்லை.

இப்போது இந்தப் பயிற்சி உள்ள ஒருவர் எம்.பி. ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் அதிர்ச்சி, அவருக்குத் தெரிந்த வேலை எதுவும் அங்கே அவர் கையில் இல்லை. குடிநீர், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி எல்லாமே அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினர் சாதாரணமாக அவற்றில் சட்டம் இயற்ற முடியாது. சித்தியின் வார்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு. தமிழ்நாட்டின் 2011 மக்கள்தொகையை 39-ஆல் வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்கு 18 லட்சத்துக்கும் மேல் ஆட்கள், ஆறு சட்டமன்றத் தொகுதிகள். தெருவிளக்கு எரியவில்லை என்று எம்.பி.க்குப் போன் வரும், வந்துகொண்டே இருக்கும், அவர் கவுன்சிலராக இருந்தவர் என்று தெரிந்தால் இரண்டு மடங்கு வரும். பழைய பழக்கத்தில் அவரும் உதவிப் பொறியாளருக்குக் கூப்பிட ஆரம்பித்தால் ஐந்து வருடம் அதிலேயே போய்விடும். தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 5 கோடி ரூபாய், கேட்பதற்குப் பெரிதாக இருக்கும், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 83 லட்சம்தான் வருகிறது, அதையும் அவர் பரிந்துரைக்கத்தான் முடியும், அனுமதித்துச் செய்வது மாவட்ட நிர்வாகம். சமுதாயக்கூடம், நிழற்குடை, உயர்கோபுர விளக்கு. ஒரு எம்.பி.யின் ஐந்து வருட வேலையை நாம் அந்த நிழற்குடையில் எழுதியிருக்கும் பெயரை வைத்து அளக்கிறோம், அது எனக்கு வருத்தமான விஷயம்.

அப்படியானால் வார்டு அனுபவம் டெல்லியில் எங்கே உதவும்? கேள்வி கேட்பதில் உதவும். மக்களவையில் காலை 11 மணி முதல் 12 வரை கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வி கேட்கலாம். அதுபோக 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். இந்தத் துணைக்கேள்வி என்கிற இடம்தான் முக்கியம், ஏனென்றால் அமைச்சரின் பதில் எப்போதும் எண்ணிக்கையில்தான் இருக்கும், இத்தனை கோடி வீடுகளுக்குக் குழாய் இணைப்பு கொடுத்தாயிற்று என்று. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப்புற வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. கடைமடையில் குடம் நிறைவதை நின்று பார்த்த ஒருவர் மட்டும்தான் குழாய் எத்தனை என்று கேட்காமல், கடைசி வீட்டில் எத்தனை லிட்டர், எத்தனை நாளுக்கு ஒரு தடவை, யார் போய் அளந்தார்கள் என்று கேட்பார். குழாய் இருப்பது வேறு, தண்ணீர் வருவது வேறு. இந்த வேறுபாடு புத்தகம் படித்து வருவதில்லை. மத்திய அரசு பணம் கொடுக்கிற திட்டங்களைக் கண்காணிக்க 2016 முதல் மாவட்டந்தோறும் திஷா குழு என்று ஒன்று இருக்கிறது, அதற்குத் தலைவர் எம்.பி.தான், காலாண்டுக்கு ஒரு கூட்டம். அஜெண்டா புத்தகத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் இயற்றுவதிலும் அப்படித்தான். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு, அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நல்ல சட்டம். ஆனால் கணக்கெடுப்பு எந்த நேரத்தில் எடுக்கிறார்கள்? மாலை ஆறு மணிக்கு மேல் தள்ளுவண்டி போடுகிற அக்கா காலை பதினொரு மணிக்குக் கணக்கெடுக்க வருகிறவர் கண்ணில் படவே மாட்டார். அவர் பட்டியலில் இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவர் வியாபாரியே இல்லை. வார்டில் இருந்தவருக்கு இது உடனே தோன்றும். அதேபோல, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் வந்த பிறகும் பாதாளச் சாக்கடையில் ஆட்கள் இறங்கி இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. அடைப்பு என்று வார்டில் போன் வரும்போது, மெஷின் எங்கே இருக்கிறது, எப்போது வரும், வரும்வரை ஜனங்களிடம் என்ன சொல்வது என்று ஒரு இரவு முழுக்கத் தவித்த கவுன்சிலருக்கு, அந்தச் சட்டம் எந்த நிமிடத்தில் மீறப்படுகிறது என்று மிகச் சரியாகத் தெரியும். "ஒரு ஆளை இறக்கினா அரைமணி நேரத்துல முடிஞ்சிடும் மேடம்" என்று சித்தியிடம் ஒரு கான்ட்ராக்டர் சொன்னார். வேண்டாம் என்றார். மெஷின் வர மறுநாள் மதியம் ஆயிற்று. அதுவரை தெருவில் எல்லோரிடமும் திட்டு வாங்கினார்.

இந்த வழியில் போனவர்கள் இல்லாமல் இல்லை. சர்தார் படேல் 1917-ல் அகமதாபாத் நகராட்சி உறுப்பினர், சுகாதாரக் குழுத் தலைவர், 1924 முதல் 1928 வரை நகராட்சித் தலைவர். பின்னால் சமஸ்தானங்களை இணைத்தவர் என்று நாம் நினைவில் வைத்திருக்கும் அந்த நிர்வாகத் திறமை குப்பையிலும் சாக்கடையிலும் பழகிய திறமை. ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். இப்போதைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 1997-ல் ஒடிசாவின் ராய்ரங்பூரில் கவுன்சிலர், 2000-ல் எம்.எல்.ஏ., 2015-ல் ஜார்க்கண்ட் ஆளுநர், 2022-ல் குடியரசுத் தலைவர். பதவியேற்ற அன்று பேசும்போது வார்டு கவுன்சிலராகத் தொடங்கியதை அவரே குறிப்பிட்டார். அரசியலமைப்பின் 79-வது பிரிவுப்படி நாடாளுமன்றம் என்பது குடியரசுத் தலைவரும் இரண்டு அவைகளும் சேர்ந்தது, ஆகவே அவரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில் தப்பில்லை. நம் பக்கத்தில், ஜோதிமணி 1996 முதல் பத்து வருடம் க.பரமத்தி ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர், 2011-ல் சட்டமன்றத்துக்கும் 2014-ல் மக்களவைக்கும் நின்று தோற்று, 2019-ல் கரூர் எம்.பி. ஆனார். கோவை மேயராக இருந்த கணபதி ராஜ்குமார் 2024-ல் கோவை எம்.பி. கட்சி பார்த்து இந்தப் பெயர்களைச் சொல்லவில்லை, பாதையைப் பார்த்துச் சொல்கிறேன்.

காமராஜர் விஷயம் மட்டும் தனி. 1940-ல் கைதாகி வேலூர் சிறையில் இருந்தபோதே அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1941-ல் விடுதலையாகி வந்தார், அந்தப் பதவியை விட்டுவிட்டார். முழுமையாக நியாயம் செய்ய முடியாத பதவியை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் காரணம். சுதந்திரப் போராட்ட வேலை இருந்தது, நகராட்சிக்கு நேரம் ஒதுக்க முடியாது. நான் இந்தச் சம்பவத்தை எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நகராட்சிப் பதவியை அவர் சின்னது என்று நினைத்திருந்தால் சும்மா வைத்துக்கொண்டிருப்பார், மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டிருப்பார். அது முழுநேர வேலை என்று தெரிந்ததால்தான் விட்டார். 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி., 1954-ல் முதலமைச்சர், 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து மறுபடி மக்களவை. அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் அந்த நகராட்சிப் பதவி பற்றிய ஒற்றை வாக்கியம் வந்த வேகத்தில் போய்விடும்.

சரி, பாதை இருக்கிறது என்றால் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறார்கள்? பணம் முதல் காரணம், மறைக்க ஒன்றுமில்லை. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். சித்தி கவுன்சிலராக இருந்த காலத்தில் மாதச் சம்பளம் என்று எதுவும் கிடையாது, கூட்டத்துக்கு வந்தால் ஒரு சின்ன அமர்வுப்படி. 2023 ஜூலையிலிருந்துதான் நகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்று வந்தது. ஐந்து வருடம் நேர்மையாக வேலை செய்தால் கையில் இருந்த சேமிப்பு கரைந்திருக்கும், அடுத்த படிக்கு ஏறப் பணம் எங்கிருந்து வரும்? நேர்மையாக இல்லாதவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் கட்சிகளிடம் இருக்க வேண்டும், சீட்டுக் கொடுக்கிறவர்கள் அவர்கள்தான்.

எனக்கு இதைவிடப் பெரிய கோபம் வேறொன்றில். 74-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகராட்சியின் ஆயுள் ஐந்து வருடம், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று 243-யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2016 அக்டோபரில் சித்தியின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 2022 பிப்ரவரி 19. ஐந்து வருடத்துக்கும் மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம். வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு, கொரோனா என்று காரணம் வரிசையாக வந்தது, ஒவ்வொன்றும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ ஐந்து வருடம் இப்படித் தள்ளிப்போட விடுவோமா? அந்த இடைவெளியில் ஒரு முழுத் தலைமுறைக் கவுன்சிலர்கள் வராமலே போனார்கள். 2016-ல் இருபத்தைந்து வயதில் ஜெயித்திருக்க வேண்டிய ஒரு பெண் அடுத்த வேலை பார்க்கப் போயிருப்பார், கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போயிருப்பார். ஊரகப் பகுதியிலும் கதை மாறவில்லை, 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, 28 மாவட்டங்களில் மறுபடி தனி அலுவலர்கள்.

இதில் பெண்கள் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016-ல் 33 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2022 தேர்தலில் நகர்ப்புறத்தில் மட்டும் 12,800-க்கு மேற்பட்ட வார்டுகள், அதில் பாதி பெண்களுக்கு. 2024-ல் தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களில் பெண்கள் எத்தனை பேர்? ஐந்து. கீழே பாதிக்குப் பாதி, மேலே எட்டில் ஒரு பங்கு. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற 106-வது திருத்தம் 2023-ல் நிறைவேறியது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு அமலுக்கு வரும் என்று எழுதியிருக்கிறார்கள். அன்றைக்குக் கட்சிகள் "தகுதியான பெண் வேட்பாளர் கிடைக்கவில்லை" என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. ஆயிரக்கணக்கான பேர் வார்டில் வேலை கற்றுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுடைய வார்டு கூட்டத்துக்குப் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். தலைவரின் மகளோ மருமகளோ நின்றால்தான் பெண் பிரதிநிதித்துவம் என்று ஆகிவிடக் கூடாது.

கவுன்சிலர் எல்லோரும் என் சித்தி மாதிரி என்று சொல்ல வரவில்லை. கட்டடம் கட்டினால் வந்து நிற்கிறவர்கள், குழாய் இணைப்புக்குக் காசு கேட்கிறவர்கள், கணவர் கையெழுத்துப் போடுகிற வார்டுகள், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தோடு மேலே போகிறவரும் உண்டு, வார்டில் கற்றதை டெல்லியில் பெரிய அளவில் செய்வார். அதனால்தான் பெட்டிச் செய்தியில் "வார்டு கவுன்சிலர்" என்ற இரண்டு சொல் போதாது என்கிறேன். அந்த வார்டில் என்ன செய்தார், எந்தப் பொருளுக்கு எழுந்து நின்றார், கடைசித் தெருவில் இப்போது தண்ணீர் வருகிறதா என்று போய்க் கேட்டு எழுத ஒரு நிருபருக்கு ஒரு நாள் ஆகும். ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர் ஒருவருக்கு ஐந்து வருடப் பரீட்சைத் தாள் கையிலேயே இருக்கிறது, அதைத் திறந்து பார்க்காமல் அவருடைய பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

2022 தேர்தல் முடிந்து பத்து நாள் இருக்கும். எங்கள் வார்டில் ஜெயித்த பெண் சித்தியைப் பார்க்க வந்தார். சித்தி ஆதரித்த கட்சி இல்லை, எதிர்க்கட்சி. கல்லூரி முடித்து நாலைந்து வருடம்தான் ஆகியிருக்கும். "அக்கா, உங்ககிட்ட ஒரு நோட்டு இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார். தண்ணீர் திறக்கிற அண்ணன் எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டார், வேலைக்கு வந்த புதுப் பையனுக்கு இரண்டு வால்வுகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லையாம்.

சித்தி நோட்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். நானும் போனேன். மூன்றாவது தெரு முனையில், ஒரு வீட்டுப் படிக்கட்டின் ஓரத்தில், நகராட்சிப் பையன் கடப்பாரையால் மண்ணைத் தள்ளத் தள்ள இரும்பு மூடி தெரிந்தது. அந்தப் பெண் குனிந்து போனில் படம் எடுத்தார், இடத்தை மேப்பில் குறித்துக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து, "எத்தனை சுற்று அக்கா?" என்று கேட்டார்.

"பத்து. நீ போய் முதல்ல கடைசி வீட்டுல நின்னு பாரு. அப்புறம் எத்தனைன்னு நீயே முடிவு பண்ணு."